அறை வெப்பநிலை

பதினெட்டு டிகிரியாம். தார் ரோடு இளகிச் செருப்பைப் பிடித்து இழுக்கிற சித்திரை மாதத்துத் திருச்சியில், மெட்ராஸிலிருந்து வந்திருக்கும் தேர்வாளருக்கு ஒரு பொட்டு வேர்த்துவிடக் கூடாதென்று, வேதியியல் துறைக் கருத்தரங்கக் கூடத்தின் இரண்டு ஏசிகளையும் காலையிலிருந்தே பதினெட்டில் ஓடவிட்டிருந்தான் மாசிலாமணி. மெட்ராஸ் என்னவோ இமயமலைச் சாரலில் இருப்பதாக அவன் நினைப்பு. முன்வரிசையில், முதுகில் வெள்ளைத் துண்டு போர்த்திய நாற்காலியில், கைகள் இரண்டையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு சபாநாயகம் உட்கார்ந்திருந்தார். நாற்காலிக்கு எதற்குத் துண்டு? நாற்காலி என்ன குளித்துவிட்டா வந்திருக்கிறது? கலெக்டர் ஆபீஸில் பார்த்ததை இங்கே கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். எங்கேயாவது எதையாவது பார்க்க வேண்டியது, அப்படியே கொண்டுவந்து போட வேண்டியது. இவர்களுடைய ஆராய்ச்சியும் அந்த ரகம்தான். மேடைக்குப் பின்னால் ஃப்ளெக்ஸ். முனைவர் பட்டப் பொது வாய்மொழித் தேர்வு. ஆய்வாளர் ப. தையல்நாயகி. நெறியாளர் பேராசிரியர் மாசிலாமணி. புறத்தேர்வாளர் என்று அவருடைய பெயர், அவனுடையதைவிட ஒரு சுற்று சின்ன எழுத்தில். அதற்கும் கீழே, பல்கலைக்கழக விதிக்காகத் தமிழிலும் தலைப்பு: உலோக அணைவுச் சேர்மங்கள் கொண்ட, தன்னைத்தானே ஆற்றிக்கொல்லும் பலபடிகள். ஆற்றிக்கொல்லும்! ள் போட வேண்டிய இடத்தில் ல் போட்டு, ஆற்றுகிற பொருளைக் கொலைகாரனாக்கித் தொங்கவிட்டிருக்கிறார்கள். அடித்தவன், அனுப்பியவன், கட்டியவன், ஒருவன் கண்ணிலும் படவில்லை. அதன் முன்னால் நின்று எல்லோரும் போட்டோவும் எடுத்துக்கொண்டாகிவிட்டது. கடைசி வரிசையில் அவளுடைய சனம், பட்டுப்புடவையும் வெள்ளைச் சட்டையுமாக, காலடியில் எவர்சில்வர் தூக்குகளோடு. கல்யாணம், காதுகுத்து, அதற்கடுத்து வைவா. பரீட்சை எழுதுகிறவள் பரீட்சை வைக்கிறவனுக்கு டிபன் போடுகிற வழக்கம் உலகத்தில் வேறு எங்கே இருக்கிறது? நெய் வாசனை ஏசிக் காற்றில் ஏறி முன்வரிசை வரைக்கும் வந்துகொண்டிருந்தது, அவருக்கு எரிச்சலாக வந்தது, கூடவே பசித்தும் தொலைத்தது.

மேடையில் தையல்நாயகி பேசிக்கொண்டிருந்தாள். முப்பத்தெட்டு வயது இருக்கும், கண்ணாடி, அரக்குப் புடவை, மைக்கை ஏதோ சூடான கரண்டியைப் பிடிப்பதுபோல் நுனியில் பிடித்திருந்தாள். பெயரைப் பார், தையல்நாயகி. தையலே போடாமல் ஒட்டிக்கொள்கிற பொருளை ஆராய்ச்சி செய்ய இப்படி ஒரு பெயர். பலபடி என்பது நீளமான சங்கிலி, அந்தச் சங்கிலியின் பக்கவாட்டில் ஈனிகள் தொங்குகின்றன, இரண்டு மூன்று ஈனிகள் சேர்ந்து ஓர் இரும்பு அயனியை நடுவில் வைத்துப் பிடித்துக்கொள்கின்றன, அதுதான் அணைவு, வெட்டினால் அந்தப் பிடிதான் முதலில் விட்டுக்கொடுக்கிறது, சங்கிலி அறுவதில்லை, திரும்பச் சேர்த்து வைத்தால் பிடி மறுபடி விழுகிறது என்று அவள் திரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே போனாள். ஜாக்கெட் கொக்கி என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போகலாம். கழன்றால் மாட்டு. இதற்கு எண்பது ஸ்லைடு. அணைவு என்று எவன் பெயர் வைத்தானோ, அணைப்பதும் அதுதான், விளக்கை அணைப்பதும் அதுதான். ஆறுவதும் அப்படித்தான், புண் ஆறும், சோறு ஆறும், கோபம் ஆறும், ஆறிப்போன காப்பியை எவனும் குணமாகிவிட்டது என்று சொல்வதில்லை. நம்ம ஆளு. அதுவரை நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்த நினைப்பு, அந்த இடத்தில் வந்து மறுபடியும் முள்ளில் மாட்டிய வேட்டிபோல் நின்றது. நம்ம ஆளு. காலையில் விருந்தினர் விடுதி வராந்தாவில், கதவு ஒருக்களித்துத்தான் இருந்தது, மாசிலாமணி போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான்: "எக்ஸ்டெர்னல் நம்ம ஆளுதான்யா, ஒண்ணும் பிரச்சினை பண்ணமாட்டாரு. ரெண்டு கேள்வி கேப்பாரு, ஒரு சால்வையைப் போட்டு ரயில் ஏத்திவிட்டாச் சரியாப் போச்சு." சொல்லிவிட்டு உள்ளே வந்து, "என்ன சபா, தூங்கினியா? பொங்கல் சூடா இருக்கு வா," என்று பல்லைக் காட்டினான். பொங்கலின்போதே இன்னொன்றும் சொன்னான். அவள் ஏதோ ஒரு தனியார் என்ஜினீயரிங் காலேஜில் வேலை பார்க்கிறாளாம், ஜூனுக்குள் டாக்டர் பட்டம் இல்லாவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம், புருஷன் துபாயில் எப்போது வேண்டுமானாலும் வேலை போகிற நிலையில் இருக்கிறானாம், இரண்டு பிள்ளைகளாம், "பாவம் சபா." அதாவது சபாநாயகம் இன்று ஒரு வார்த்தை சொன்னால் அவள் டாக்டர், திருத்தி மறுபடி கொண்டுவா என்று சொன்னால் இன்னொரு வருஷம், வேலையும் கோவிந்தா. அவளுக்காகப் பாவப்படுவதற்கு அவரென்ன தருமசத்திரமா நடத்துகிறார்? நம்ம ஆளு. யாருடைய ஆள்? எந்த வகையில் ஆள்? சொந்தமா, சாதியா, ஒரே தட்டில் தின்றவனா?

தின்றதுதான். அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும், அவர் மனசு சொல்லாமல் விடாது. முப்பது வருஷத்துக்கு முன்னால் மெட்ராஸில் ஒரே ஆராய்ச்சிக்கூடத்தில் இருவரும் ஒரே பேராசிரியரிடம் படித்தார்கள், ஒரே விடுதி அறை, ஒரே டேபிள் ஃபேன். மஞ்சள்காமாலை வந்து சபாநாயகம் படுத்தபோது ராத்திரி முழுக்க ஃபேனை அவர் பக்கம் திருப்பிவைத்துவிட்டு, மாசிலாமணி ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு தரையில் கிடந்தான். நல்லவன்தான். நல்லவனாக இருப்பது என்ன பெரிய கஷ்டம், மூளை இல்லாவிட்டால் தானாக வரும். அப்புறம் ஒருநாள் பழத்தட்டோடு துணைவேந்தர் வீட்டு வாசலில் நின்று இந்த வேலையை வாங்கிக்கொண்டு வந்தான், சிரித்துக்கொண்டே சொன்னான், தட்டில் ஆப்பிள் எத்தனை என்பது வரைக்கும். அன்றைக்கு அவர் சிநேகத்தை வெட்டியதுதான். அவனுக்கு வெட்டியதே தெரியாது, அதுதான் வேடிக்கை, தீபாவளிக்குத் தீபாவளி போன் பண்ணிக்கொண்டிருக்கிறான். மேடையில் அவள் அதைத்தான் சொல்கிறாள் போலிருக்கிறது, வெட்டின முகங்களை உடனே சேர்க்க வேண்டும், வைத்திருந்து சேர்த்தால் ஒட்டாது, ஏனென்றால் கைவிட்ட ஈனிகள் சும்மா இருப்பதில்லை, தம் பக்கத்து அயனியையே தேடிப் பிடித்துக்கொண்டு மூடிக்கொள்கின்றன. இதைக் கண்டுபிடிக்க எட்டு வருஷமா? மனுஷனைப் பார்த்தாலே தெரியுமே. அவருக்கு அந்த ஸ்லைடு பிடிக்கவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டுக்கொண்டபோது நல்லவேளையாக அடுத்தது வந்துவிட்டிருந்தது. மீனலோசனி சொன்னது ஞாபகம் வந்தது. பெண்டாட்டி சொல்வதெல்லாம் ஞாபகம் வரவேண்டிய இடமா இது? "உங்களுக்கு ஒருத்தரையும் பிடிக்காது. அதுக்கு அறிவுன்னு பேர் வெச்சிருக்கீங்க." கீரை ஆய்ந்துகொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னாள், கோபத்தில் சொல்லியிருந்தால் மறந்துபோயிருக்கும். அடுத்த வருஷம் ஓய்வு. அதற்குப் பிறகு எந்த ஊரில் எவன் அவருக்காக ஏசி போட்டு வைப்பான்? அவர் வாயைத் திறந்தால் கூடம் அடங்குகிறது என்றால் அது வாய்க்காகவா, கையெழுத்துக்காகவா? மீனலோசனியின் கீரைக்கட்டுக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டு, பயப்பட ஒரு ஆளில்லாத வீட்டில், காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் என்ன செய்வது? வயிற்றில் ஏதோ ஒன்று குளிர்ந்து இறங்கியது. ஏசிதான். பதினெட்டில் வைத்தால் வேறு என்ன ஆகும்.

இப்போது செய்துகாட்டப் போகிறாளாம். மேஜைமேல் டீ டிகாக்ஷன் நிறத்தில் ஒரு பட்டை, விரலகலம், ரப்பர்போல் வளைகிறது. காமிராவை அதன்மேல் திருப்பித் திரையில் பெரிதாகக் காட்டினார்கள். சவரப் பிளேடால் நடுவில் வெட்டினாள், இரண்டு துண்டையும் தூக்கி எல்லோருக்கும் காட்டினாள், சீட்டுக்கட்டு வித்தைக்காரன் தோற்றான். வெட்டின வாய்களை ஒன்றோடொன்று வைத்து இரண்டு விரலால் அழுத்திவிட்டு, பேச்சைத் தொடர்ந்தாள். சபாநாயகத்துக்கு இந்த வித்தையெல்லாம் ஆகாது. விஞ்ஞானம் என்றால் எண்ணைக் காட்டு, வரைபடத்தைக் காட்டு, மேடையேறிக் குரளி காட்டாதே. மாசிலாமணி அவர் பக்கம் சாய்ந்து, "பாரு சபா, இப்ப ஒட்டிக்கும், வெயிட்டே தாங்கும்," என்று காதருகில் சொன்னான், வாயில் பொங்கல் மிளகு வாசனை. கொஞ்ச நேரம் கழித்து அவள் பட்டையின் ஒரு முனையைக் கிளிப்பில் மாட்டி, மறுமுனையில் எடைக்கல் ஒன்றைத் தொங்கவிட்டாள். கையை எடுத்ததும் கல் டொக்கென்று மேஜையில் விழுந்து உருண்டது. பட்டை பழையபடி இரண்டு. கடைசி வரிசையில் ஒரு பட்டுப்புடவை "அச்சச்சோ" என்றது. அவள் திரும்பச் சேர்த்தாள், இந்தத் தடவை கட்டைவிரல் நகம் வெளுக்க அழுத்தினாள், கல்லைத் தொங்கவிட்டாள், மறுபடியும் டொக். மாசிலாமணியின் சிரிப்பு முகத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றது, அதுவாவது ஒட்டியதே. அவள் பட்டையைப் பார்க்கவில்லை. ஒரு கணம் தலையைத் தூக்கிச் சுவரின் மேல்பக்கம் பார்த்தாள். சாமியைக் கூப்பிடுகிறாள், வேறென்ன, எம்எஸ்ஸி படித்தாலும் கடைசியில் அங்கேதான் போவார்கள். அப்புறம் மைக்கை எடுத்து, இதன் காரணத்தைக் கேள்வி நேரத்தில் சொல்கிறேன் என்று இங்கிலீஷில் சொன்னாள். குரல் நடுங்கவில்லை, அது அவருக்கு என்னவோபோல் இருந்தது.

ஏன் ஒட்டவில்லை? கேள்வி தானாக வந்து உட்கார்ந்தது, பழக்கதோஷம், எதையாவது பார்த்தால் எங்கே ஓட்டை என்று மூளை தானாகத் துழாவும். பொருள் பழசா? இல்லை, வெட்டும்போது பளபளவென்றுதான் இருந்தது. வெட்டியதும் சேர்த்தாள், நேரமும் போகவில்லை. ஈரம் பட்டதா? கை நடுங்கியதா? அவர் கைகளை அக்குளிலிருந்து எடுத்தார், விரல்கள் விறைத்துப் போயிருந்தன, மடக்கி நீட்டினால் சொன்னபடி கேட்கவில்லை. அப்போது தெரிந்துவிட்டது. விரல் மட்டுமா, பட்டையும் விறைத்துத்தானே இருக்கும். சங்கிலி அசைந்தால்தானே ஈனி அயனியைத் தேடிப் போகும், குளிரில் சங்கிலி கிடந்த இடத்தில் கிடக்கும், கொக்கி இருந்து என்ன, கை எட்டவேண்டாமா? மடியிலிருந்த ஆய்வேட்டைப் புரட்டினார். இருக்கிறது, பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறது, அறை வெப்பநிலையில் ஆறியது, அறை வெப்பநிலையில் ஒட்டியது, அறை வெப்பநிலையில் எண்பது சதவீதம். உலகம் முழுக்க அறை வெப்பநிலை என்றால் இருபத்தைந்து. இவளுடைய அறை எது? ஏசி இல்லாத, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட, திருச்சி வெயிலில் வேகிற ஓர் ஆராய்ச்சிக்கூடம். அங்கே முப்பத்தெட்டு இருக்கும், மத்தியானம் நாற்பதைத் தொடும். அடுப்பங்கரையில் ஒட்டியதை அறையில் ஒட்டியது என்று எழுதி வைத்திருக்கிறாள். அறையாம் அறை. கன்னத்தில் விழுவதற்கும் தமிழில் அதுதான் பெயர். அவருக்கு உடம்பெல்லாம் ஒரு கதகதப்பு பரவியது, காலையிலிருந்து முதல்தடவையாகக் குளிரவில்லை. கிடைத்துவிட்டது. எட்டு வருஷத்து வேலையின் அடிமரத்தில் ஒரே ஒரு வார்த்தை தப்பு, அது அவள் கண்ணில் படவில்லை, வழிநடத்திய மகானின் கண்ணில் படவில்லை. அவருக்கு ஏசி போட்டுக் குளிரவைத்து மரியாதை செய்யப்போய்த் தன் மாணவியின் கழுத்தைத் தானே அறுத்துவிட்டான் மாசிலாமணி. நம்ம ஆளா? பார்க்கலாம், யாருடைய ஆள் என்று.

அவையிலிருந்து கேள்விகள் வரலாம் என்று அறிவித்தார்கள். அவையிலிருந்து கேள்வி எப்படி வரும் என்று சபாநாயகத்துக்குத் தெரியாதா? முந்தினநாளே துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். மூன்றாவது வரிசையில் ஓர் ஆராய்ச்சி மாணவி எழுந்து, இரும்புக்குப் பதிலாகத் துத்தநாகம் போட்டால் என்ன ஆகும் என்று படித்தாள், படித்துக்கொண்டே போய், பிடி இன்னும் தளர்வாக இருக்கும் என்று பதிலையும் சேர்த்துப் படித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். தையல்நாயகி சிரிக்காமல், ஆமாம், நீங்கள் சொல்வது சரி என்றாள். கூடம் சிரித்தது, மாசிலாமணி தொடையில் தட்டிச் சிரித்தான். இதுதான் இவர்களுடைய பல்கலைக்கழகம். இந்தக் கூட்டத்தில் ஒருவன் உண்மையாக ஒரு கேள்வி கேட்டால் போலீஸைக் கூப்பிடுவார்கள். கேட்கலாமா? கேட்டால் அவள் இருபத்தைந்து என்பாள், புத்தகத்தில் இருப்பதுதானே வாயில் வரும், இப்போது இந்தக் கூடத்தில் எத்தனை என்று அடுத்தது, ஏன் ஒட்டவில்லை என்று அதற்கடுத்தது, மூன்றாவது கேள்வியில் ஆய்வேடு முழுக்கப் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். அவளோடு அவருக்கு ஒரு விரோதமும் இல்லை. அவள் மாசிலாமணிக்கும் அவருக்கும் நடுவில் நிற்கிறாள், அவ்வளவுதான், எருமைக்கும் எருமைக்கும் சண்டை வந்தால் நடுவில் இருக்கிற செடி மிதிபடத்தான் செய்யும். கேட்காமலும் விடலாம். விட்டால் சால்வை, மைசூர்பாகு, ரயில். விட்டால் அவன் போனில் சொன்னபடியே ஆகும். வேலை போகும் என்றானே. போகட்டும், தப்பாக எழுதினால் போகத்தான் வேண்டும். அவரென்ன பொய்யா சொல்லப் போகிறார்? உண்மையைத்தானே கேட்கிறார்? உண்மையைக் கேட்கும்போது உள்ளே இத்தனை சந்தோஷம் எதற்கு என்று எங்கோ ஒரு மூலையில் ஒரு குரல், மீனலோசனியின் குரல்தான், கீரை ஆயும் சத்தத்தோடு. அதை அவர் ஒதுக்கித் தள்ளிவிட்டு மைக்கை வாங்கினார்.

அந்தக் கூடத்தில் எல்லாம் இங்கிலீஷில்தான் நடந்தது, கடைசி வரிசை கோயிலில் சமஸ்கிருதம் கேட்பதுபோல் பயபக்தியோடு கேட்டுக்கொண்டிருந்தது. தமிழில் சொன்னால் இவ்வளவுதான்.

"அறை வெப்பநிலை என்று எழுதியிருக்கிறீர்கள். எத்தனை டிகிரி?" என்று கேட்டார் சபாநாயகம்.

"இருபத்தைந்து சார், இருபத்தைந்து," என்று மாசிலாமணி நாற்காலியிலிருந்தே பாய்ந்து சொன்னான்.

"இல்லை சார்," என்றாள் தையல்நாயகி. மாசிலாமணி கழுத்தைத் திருப்பி அவளைப் பார்த்தான். "எங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் ஏசி இல்லை. முப்பத்தாறுக்கும் முப்பத்தொன்பதுக்கும் நடுவில். இருபத்தைந்தில் இந்தப் பட்டை சரியாக ஒட்டாது, நானே செய்து பார்த்திருக்கிறேன். இந்தக் கூடத்தில் இப்போது இருக்கும் குளிரில் ஒட்டவே ஒட்டாது. அதனால்தான் ஒட்டவில்லை."

அப்படியென்றால் அவள் மேலே பார்த்தது சாமியை அல்ல, ஏசியை. முழுசாகத் தெரிந்துவைத்திருக்கிறாள். அவர் கண்டுபிடித்ததாக நினைத்ததை அவள் எப்போதோ கண்டுபிடித்து வைத்திருக்கிறாள். அதனாலென்ன? இன்னும் மோசம். தெரியாமல் எழுதினால் முட்டாள்தனம், தெரிந்து எழுதினால் திருட்டு. கத்தி அவர் கையை விட்டுப் போகவில்லை, இன்னும் கூர்மையாகத்தான் ஆகியிருக்கிறது. அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திக் கேட்டார்.

"தெரிந்திருந்தும் ஏன் அப்படி எழுதினீர்கள்?"

அவள் மைக்கைக் கை மாற்றிப் பிடித்தாள். சொல்வதா வேண்டாமா என்று யோசிக்கிற முகம் அது, பயந்த முகம் அல்ல.

"உங்களைக் கேட்டுவிட்டுத்தான் எழுதினேன் சார். கோயம்புத்தூர் கருத்தரங்கில், காப்பி வரிசையில், அறை வெப்பநிலை என்றால் எந்த அறை என்று எடுத்துக்கொள்வது என்று உங்களிடம் கேட்டேன். அடிப்படைகளைப் படித்துவிட்டு வரும்படியும், எல்லோரும் எழுதுவதுபோல் எழுதும்படியும் சொன்னீர்கள். இந்தத் துறையில் நீங்கள்தான் பெரியவர் சார். அதனால் டிகிரியை எடுத்துவிட்டு அப்படியே எழுதினேன்."

இங்கிலீஷில் அது மரியாதையாகத்தான் கேட்டது. தமிழில் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று அவருக்குத் தெரியாதா? இல்லை என்று சொல்லிவிடலாம். யார் சாட்சி, காப்பி டம்ளரா? கோயம்புத்தூருக்கு அவர் போனது உண்மை, காப்பி வரிசை உண்மை, காப்பியில் சர்க்கரை அதிகம் என்று பரிமாறியவனிடம் எரிந்து விழுந்ததுகூட ஞாபகம் இருக்கிறது, இவள் முகம் மட்டும் இல்லை. எத்தனை துருவினாலும் இல்லை. அந்த வரிசையில் முகம் என்று எதையாவது பார்த்தால்தானே ஞாபகம் இருக்கும். முகம் ஞாபகம் இல்லை, சொன்ன வாக்கியம் மட்டும் சுருதி பிசகாமல் காதில் விழுகிறது, ஏனென்றால் அது அவருடைய வாக்கியம், எல்லா ஊரிலும் எல்லாக் காப்பி வரிசையிலும் யாராவது ஒருத்திக்கோ ஒருத்தனுக்கோ சொல்வதுதான்: "எந்த ரூம்னு கேக்குறதுக்கு ஒரு பிஎச்டியா? போயி பேசிக்ஸ் படிச்சிட்டு வாங்கம்மா. ஊரே எழுதற மாதிரி எழுதிட்டுப் போங்க." சொல்லிவிட்டுப் பக்கத்தில் இருந்தவனைப் பார்த்துச் சிரித்தும் இருப்பார், அதுவும் வழக்கம். எந்த அறை? எவ்வளவு நல்ல கேள்வி. இன்று காலையிலிருந்து, இல்லை, இந்தப் பத்து வருஷத்தில் அவர் காதில் விழுந்த ஒரே நல்ல கேள்வி அதுதான், அதைத்தான் ஈயை விரட்டுவதுபோல் விரட்டியிருக்கிறார், அதே கேள்வியைத்தான் இப்போது தன்னுடையது என்று நினைத்துக்கொண்டு அவள் கழுத்தில் வைத்தார். சிரித்து மழுப்பலாம். அப்படிச் சொல்லியிருந்தாலும் நெறியாளர் கவனித்திருக்க வேண்டாமா என்று பழியை மாசிலாமணிமேல் தூக்கிப் போடலாம். அவன் தாங்குவான், எத்தனையோ தாங்கியிருக்கிறான். மாசிலாமணி அவரைப் பார்க்கவில்லை, குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான், அவருக்காக வெட்கப்படுகிறான்! அவன், இந்தப் பழத்தட்டுக்காரன், அவருக்காக வெட்கப்படுகிற இடத்துக்கு வந்தாயிற்று. கூடம் காத்துக்கொண்டிருந்தது. கையெழுத்துக்காகத்தான் காத்திருக்கிறார்கள், வாய்க்காக அல்ல. அவமானம் காதுமடல் வரைக்கும் சுட்டது. அந்தக் குளிரிலும் நெற்றியில் வேர்த்தது, மாசிலாமணி போட்டுவைத்த பதினெட்டும் வீண்.

"நான் அன்னிக்குச் சொன்னது தப்பும்மா," என்றார்.

தமிழில் வந்துவிட்டது. இங்கிலீஷில் அந்த வாக்கியத்தை அவர் ஒருநாளும் பழகியதில்லை. சொன்னது மைக்கில் போய்க் கூடத்தின் மூலைகளில் எல்லாம் இடித்துவிட்டு வந்தது. அப்போது கடைசி வரிசையில் நாற்காலி ஒன்று கிறீச்சென்று நகர்ந்தது. காலையிலிருந்து பேசியதில் அந்த வரிசைக்குப் புரிந்த முதல் வார்த்தை தப்பு என்பதுதான். தையல்நாயகியின் அப்பா பக்கிரிசாமி, பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர், காலடித் தூக்கைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஐயா, தப்பு கிப்புன்னு சொல்லிராதீங்கய்யா. எட்டு வருசமா பெத்த புள்ளைங்களக்கூட பாக்காம இதுலயே கெடந்துச்சு. தெரியாத்தனமா எதாச்சும் எழுதியிருந்தா நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன். ஒங்க வீட்டுப் புள்ளையா நெனச்சு..."

"அப்பா, ஒக்காருங்கப்பா," என்றாள் தையல்நாயகி மேடையிலிருந்து. அவள் குரல் அப்போதுதான் முதல்தடவையாக நடுங்கியது.

மாசிலாமணி பின்னால் திரும்பி உட்காரும்படி கையைக் காட்டினான். பெரியவர் உட்காரவில்லை. இத்தனை பேர் நடுவில் இப்படிக் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறாரே, விவஸ்தை கெட்ட மனுஷன், என்று வழக்கம்போல் ஒன்று சபாநாயகத்துக்குள் கிளம்பியது. கிளம்பி, போக இடமில்லாமல் திரும்பி அவர்மேலேயே விழுந்தது. அவர் எழுந்தார். முதுகுத் துண்டு சரிந்து தரையில் விழுந்தது. மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடைசி வரிசையைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

"நீங்க உக்காருங்க. உங்க பொண்ணு டாக்டர் ஆயாச்சு. எழுதினதுல ஒரு வார்த்தையை மாத்தணும், அவ்வளவுதான். தப்பு பண்ணினது அவங்க இல்லை."

கும்பிட்ட கை இறங்கவில்லை. முழுசாகக் காதில் விழவில்லையோ, விழுந்தும் நம்பவில்லையோ, பெரியவர் முகத்தை முன்னால் நீட்டி, "அப்ப யாருங்கய்யா?" என்றார்.

மைக் நாற்காலியிலேயே கிடந்தது. சபாநாயகம் அதை எடுக்கவில்லை. கூடம் முழுவதற்கும் கேட்கிற மாதிரி, "நான்," என்றார்.